புரூஸ் லீயிடம் சண்டை கற்ற பார்வையற்ற டிடெக்டிவ்: அவர் எந்தப் புத்தகத்திலிருந்து வந்தார்?

இது எங்கள் பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் தந்திருக்கிறோம்.

புரூஸ் லீ தண்ணீரைப் பற்றிப் பேசும் அந்த பிளாக் அண்ட் ஒயிட் வீடியோ உங்க ஃபோனுக்கு ஒரு தடவையாவது வந்திருக்கும். கப்பில் ஊத்தினா தண்ணி கப் ஆயிடும்னு சொல்லுவாரே, அதேதான். 1971 டிசம்பரில் பியர் பெர்ட்டன் என்ற கனடா பத்திரிகையாளருக்குக் கொடுத்த பேட்டி அது. ஆனா ஒரு விஷயம் கவனிச்சீங்களா? அதில் அவர் சொல்வது ஒரு டிவி சீரியலில் அவரே பேசிய வசனம். பெர்ட்டன் அதை ஞாபகப்படுத்திச் சொல்லச் சொன்னார், அவரும் சொன்னார்.

அந்த சீரியலின் பெயர் 'லாங்ஸ்ட்ரீட்'. அதில் புரூஸ் லீ ஹீரோ கிடையாது, நாலே எபிசோடில் வரும் வாத்தியார். அவரிடம் சண்டை கற்றுக்கொள்ளும் ஹீரோ, பார்வை இழந்த ஒரு துப்பறிவாளர்.

பார்வை இல்லாத ஒருத்தர் எப்படித் துப்பறிவார்? இந்தக் கேள்வியில் இரண்டு எழுத்தாளர்கள் மோதிக்கிட்டாங்க. ஒருத்தர் எழுதினதைப் படிச்சு இன்னொருத்தர் "இதெல்லாம் நடக்காது" என்று கடுப்பானார். அந்தக் கடுப்பிலிருந்துதான் இந்த டிவி டிடெக்டிவ் வந்தார். அந்தக் கதைதான் இன்னைக்கு.

முதலில் சீரியல்

அமெரிக்காவின் ஏபிசி சேனலில் 1971 பிப்ரவரியில் ஒரு டிவி படமாக வந்து, அதே வருஷம் செப்டம்பரில் தொடரானது 'லாங்ஸ்ட்ரீட்'. மொத்தம் 23 எபிசோட், ஒரே சீசன். கதை நடப்பது நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில். மைக் லாங்ஸ்ட்ரீட் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காகத் துப்பறிபவர். ஷாம்பெயின் பாட்டிலில் வைத்து அனுப்பிய குண்டு வெடித்து அவருடைய மனைவி இறந்துபோகிறார், இவருக்குப் பார்வை போகிறது. அதற்குப் பிறகும் வேலையை விடாமல், பாக்ஸ் என்ற ஜெர்மன் ஷெப்பர்ட் நாயோடும் ஒரு எலெக்ட்ரானிக் கைத்தடியோடும் வழக்குகளைத் தொடர்கிறார். நடித்தவர் ஜேம்ஸ் ஃபிரான்சிஸ்கஸ்.

தொடரை உருவாக்கியவர் ஸ்டெர்லிங் சிலிஃபன்ட். 'இன் தி ஹீட் ஆஃப் தி நைட்' படத்துக்குத் திரைக்கதை எழுதி ஆஸ்கர் வாங்கியவர். நிஜ வாழ்க்கையில் புரூஸ் லீயிடம் சண்டை கற்ற மாணவரும்கூட. அதனால் தொடரின் முதல் எபிசோடில் குருவுக்கே ஒரு வேஷம் கொடுத்தார். துறைமுகத்தில் சரக்குத் திருடும் கும்பலிடம் அடிவாங்கிய லாங்ஸ்ட்ரீட், லீ சுங் என்ற பழம்பொருள் வியாபாரியிடம் வந்து தற்காப்பு கற்றுக்கொள்கிறார். லீ சுங் வேஷம்தான் புரூஸ் லீ.

இதுவரைக்கும் நிறைய பேருக்குத் தெரியும். ஆனால் டைட்டில் கார்டில் இன்னொரு பெயரும் ஓடும்: பேனார்ட் கெண்ட்ரிக். இந்தக் கதாபாத்திரத்துக்கு மூலம் இவருடைய நாவல்கள் என்று சொல்லும் வரி அது. அதை யாரும் நின்று படிப்பதில்லை. நாம் படிப்போம்.

விரலால் பேப்பர் படித்தவர்

கெண்ட்ரிக்கைப் புரிந்துகொள்ள அவருக்கு முந்தைய ஒருவரைப் பார்க்கணும். 1914-ல் இங்கிலாந்தில் 'மேக்ஸ் கராடோஸ்' என்ற சிறுகதைத் தொகுப்பு வெளிவந்தது. எழுதியவர் எர்னஸ்ட் பிராமா. கராடோஸ் பணக்காரர், பழைய நாணயங்கள் சேகரிப்பவர், பார்வையற்றவர். குதிரையில் போகும்போது ஒரு மரக்கிளை முகத்தில் அடித்ததில் பார்வை போனது.

முதல் கதையே ஒரு அழகான போடு. லூயி கார்லைல் என்ற தனியார் துப்பறிவாளர், ஒரு பழைய கிரேக்க நாணயம் அசலா போலியா என்று கேட்க கராடோஸ் வீட்டுக்கு வருகிறார். இரண்டு பேரும் பள்ளிக்கால நண்பர்கள், இரண்டு பேரும் பெயரை மாற்றிக்கொண்டவர்கள். கண் தெரிந்த கார்லைலுக்கு எதிரில் இருப்பது யார் என்று தெரியவில்லை. கண் தெரியாத கராடோஸ் குரலை வைத்தே பழைய நண்பனைக் கண்டுபிடித்துவிடுகிறார். வாசகருக்கு அங்கேயே பிடித்துப்போகும்.

பிராமா ஒன்றும் சாதாரண எழுத்தாளர் இல்லை. ஜார்ஜ் ஆர்வெல் அவரை கானன் டாயிலோடு சேர்த்து வைத்துப் பாராட்டியிருக்கிறார். பார்வையற்றவர்கள் நிஜத்திலேயே பெரிய வேலைகள் செய்திருக்கிறார்கள் என்பதும் பிராமாவுக்குத் தெரியும். 18-ஆம் நூற்றாண்டு லண்டனையே எடுத்துக்கோங்க. ஜான் ஃபீல்டிங் என்ற மாஜிஸ்திரேட் பார்வையற்றவர். நாவலாசிரியர் ஹென்றி ஃபீல்டிங்கின் தம்பி முறை. போ ஸ்ட்ரீட் நீதிமன்றத்தில் உட்கார்ந்து, லண்டனின் முதல் துப்பறியும் படை என்று சொல்லத்தக்க போ ஸ்ட்ரீட் ரன்னர்ஸை அண்ணனுக்குப் பிறகு நடத்தியவர். மூவாயிரம் குற்றவாளிகளைக் குரலை வைத்தே அடையாளம் சொல்லுவார் என்று அவரைப் பற்றி ஒரு கதை ஊரில் உலவியது. எண்ணிக்கையை நம்புவது உங்க இஷ்டம். ஆனா ஆள் நிஜம், வேலையும் நிஜம்.

சரி, பிராமாவிடம் என்ன பிரச்சினை? கராடோஸ் கொஞ்சம் கொஞ்சமாக மந்திரவாதி ஆகிவிடுகிறார். அச்சடித்த பேப்பரின் தலைப்புகளை விரலால் தடவியே படிக்கிறார். ஒருத்தர் ஒட்டுமீசை வைத்திருக்கிறார் என்பதை, பசையின் வாசனையை வைத்து எட்ட நின்றே சொல்கிறார். ஒரு கதையில் எதிரிகள் சூழ்ந்திருக்கும் அறையின் விளக்கை அணைத்துவிடுகிறார். அந்த நொடியில் மற்ற எல்லாருக்கும் கண் போகிறது, இவருக்கு மட்டும் எதுவும் மாறவில்லை. விளக்கை அணைத்து ஆட்டத்தைத் திருப்பும் இந்த உத்தியைத்தான் அதற்குப் பிறகு எத்தனையோ படங்களில் பார்த்தாச்சு.

அமெரிக்காவிலும் கிட்டத்தட்ட அதே காலத்தில் கிளின்டன் ஸ்டாக் என்பவர் தோர்ன்லி கோல்டன் என்ற பார்வையற்ற டிடெக்டிவை எழுதினார். அவரும் இதே ரகம். ஒரு புலன் போனால் மற்ற நாலும் தானாகவே சூப்பர் பவர் ஆகிவிடும் என்ற நம்பிக்கை.

பொத்தானும் பேட்ஜும் சொன்ன கதை

இப்போ கெண்ட்ரிக். அமெரிக்கர். ஆனால் 1914-ல் முதல் உலகப்போர் வெடித்ததும் கனடா ராணுவத்தில் போய்ச் சேர்ந்தவர். அமெரிக்கா போரில் இறங்கியதே 1917-ல்தான்.

அந்தப் போரில் கண்ணில் காயம்பட்டு பார்வை இழந்த வீரர்களுக்காக லண்டனில் செயின்ட் டன்ஸ்டன்ஸ் என்ற மறுவாழ்வு இல்லம் இருந்தது. 1915-ல் அதை ஆரம்பித்தவர் ஆர்தர் பியர்சன். பெரிய பத்திரிகை அதிபர், குளுக்கோமாவில் தானே பார்வை இழந்தவர். அங்கே ஒரு நண்பரைப் பார்க்கப் போனார் கெண்ட்ரிக். பார்வை இழந்த ஒரு பிரிட்டிஷ் சிப்பாய் அவருடைய யூனிஃபார்மின் பொத்தான்களையும் பேட்ஜ்களையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ராணுவத்தில் அவர் எங்கெங்கே இருந்தார் என்று வரிசையாகச் சொன்னாராம். இதைக் கெண்ட்ரிக்கே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

யோசிச்சுப் பாருங்க. இதுவும் பார்க்க மந்திரம் மாதிரிதான் இருக்கு. ஆனா இதில் மந்திரம் இல்லை. ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் தனி பேட்ஜ் உண்டு, அதன் உருவம் உலோகத்தில் புடைப்பாக இருக்கும். அந்தச் சிப்பாய்க்கு ராணுவம் தெரியும், விரலுக்கும் பழக்கம் உண்டு. அறிவும் பழக்கமும் சேர்ந்தால் வருவது அது. யாரும் கற்றுக்கொள்ளலாம்.

கராடோஸ் விரலால் பேப்பர் படிப்பதைப் பார்த்துக் கெண்ட்ரிக் கடுப்பானது இதனால்தான். நிஜத்தில் ஒரு பார்வையற்றவரால் செய்ய முடிந்ததை மட்டுமே செய்யும் டிடெக்டிவை எழுதுவேன் என்று முடிவெடுத்தார்.

கேப்டன் மெக்லைன்

1937-ல் 'தி லாஸ்ட் எக்ஸ்பிரஸ்' நாவல் வந்தது. ஹீரோ கேப்டன் டங்கன் மெக்லைன். முதல் உலகப்போரில் உளவுப்பிரிவு அதிகாரி, பெல்ஜியத்தின் மெசீன் சண்டையில் பார்வை இழந்தவர். நியூயார்க்கில் மாடிமேல் மாடியாக உயர்ந்த கட்டடத்தின் உச்சியில் அலுவலகம். ஸ்பட் சாவேஜ் என்று ஒரு பார்ட்னர். 1961 வரை இந்த வரிசையில் நாவல்கள் வந்தன.

மெக்லைனுக்கு எல்லாம் பயிற்சிதான். விரல் மழுங்காமல் இருக்க ஜிக்சா புதிர்களைத் தடவித் தடவிப் பொருத்திக்கொண்டே இருப்பார். எல்லாவற்றையும்விட, அவருடைய நாய்களைப் பாருங்க. இரண்டு நாய்கள், இரண்டும் ஜெர்மன் ஷெப்பர்ட். ஷ்னுக்கே வழிகாட்டி நாய். ட்ரைஸ்ட் போலீஸ் நாய் மாதிரிப் பாயப் பழக்கியது.

ஏன் இரண்டு? வழிகாட்டி நாய்க்குக் கடிக்கக் கற்றுக்கொடுக்க முடியாது, கூடாது. கூட்டத்துக்கு நடுவே பதறாமல் போவதுதான் அதன் வேலை. யாரைப் பார்த்தாலும் பாயும் நாயை நம்பி ரோட்டைக் கிராஸ் பண்ண முடியுமா? அமெரிக்காவில் வழிகாட்டி நாய்ப் பயிற்சிக்கு 'தி சீயிங் ஐ' என்ற நிறுவனம் தொடங்கியதே 1929-ல்தான். எட்டு வருஷத்தில் ஒரு துப்பறியும் நாவலுக்குள் அந்த வித்தியாசத்தைச் சரியாகக் கொண்டுவந்தார் கெண்ட்ரிக்.

அதுக்காக அவர் முழு சுத்தம் என்று சொல்ல மாட்டேன். மெக்லைன் சத்தம் வந்த திசையை வைத்தே குறி தப்பாமல் துப்பாக்கி சுடுவார். விற்பனைக்குப் போகும் துப்பறியும் நாவல், கொஞ்சம் மசாலா வேணும்ல.

கண் திரும்பக் கிடைத்த ஹீரோ

சினிமா இதை எப்படி எடுத்துக்கொண்டது தெரியுமா? 1938-ல் 'தி லாஸ்ட் எக்ஸ்பிரஸ்' படமானது. அந்தப் படத்தின் மெக்லைனுக்குப் பார்வை உண்டு! நாவல் எதற்காக எழுதப்பட்டதோ அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மர்மத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

1942-ல் எம்ஜிஎம் எடுத்த 'ஐஸ் இன் தி நைட்' படத்தில்தான் மெக்லைன் பார்வையற்றவராகவே வந்தார். நடித்தவர் எட்வர்ட் ஆர்னல்ட், குண்டான, நடுவயதுக்காரர். இயக்கியவர் ஃப்ரெட் சினமன், பத்து வருஷம் கழித்து 'ஹை நூன்' எடுத்தவர். 1945-ல் 'தி ஹிடன் ஐ' என்று இன்னொரு படமும் வந்தது.

நாவலைத் தாண்டிய வேலை

இந்த இடத்தில் கதை வேற லெவலுக்குப் போகுது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க வீரர்கள் நூற்றுக்கணக்கில் பார்வை இழந்து திரும்பினார்கள். எல்லாரும் இருபது, இருபத்திரண்டு வயசுப் பசங்க. அடுத்து என்ன என்பது அவர்களுக்கும் தெரியாது, ராணுவத்துக்கும் முழுசாகத் தெரியாது.

பென்சில்வேனியாவில் வேலி ஃபோர்ஜ் என்ற ராணுவ மருத்துவமனை. அங்கே ரிச்சர்ட் ஹூவர் என்பவர் கைத்தடியை எடுத்து யோசித்தார். அதுவரை பார்வையற்றவர்கள் வைத்திருந்தது ஊன்றி நடக்கும் குட்டைத் தடி. ஹூவர் தடியை நீளமாக்கி, எடையைக் குறைத்து, நடக்கும்போது இடமும் வலமுமாக வில் மாதிரி வீசித் தரையைத் தொடச் சொன்னார். இடது கால் முன்னே போகும்போது தடியின் நுனி வலது பக்கம் தொடும், அடுத்த அடியில் மாறும். அதாவது அடுத்த கால் விழப்போகும் இடத்தைத் தடி முன்கூட்டியே பார்த்துவிடும். இன்று நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டில் வெள்ளைத்தடி வைத்து நடப்பவரிடம் நீங்கள் பார்க்கும் அசைவுக்கு வேர் அங்கேதான்.

அதே 1944-ல் கார்னெல் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. பார்வையற்றவர்கள் சுவரில் மோதாமல் எப்படி நிற்கிறார்கள்? முகத்துத் தோலில் ஏதோ உணர்வு வருகிறது என்றுதான் அதுவரை நிறைய பேர் நம்பினார்கள். அதைச் சோதித்தார்கள். விடை: காது. காலடிச் சத்தம் சுவரில் பட்டுத் திரும்புவதைக் கேட்டுத்தான் நிற்கிறார்கள். காதை அடைத்தால் மோதினார்கள். கண்ணைக் கட்டிய பார்வையுள்ளவர்களும் பழகப் பழக இதைக் கற்றுக்கொண்டார்கள். ஆய்வைச் செய்தவர்களில் ஒருவரான மைக்கேல் சூப்பாவே பார்வையற்றவர்.

பார்த்தீங்களா? பிராமாவுக்கும் கெண்ட்ரிக்குக்கும் நடந்த சண்டைக்கு லேபில் தீர்ப்பு வந்த மாதிரி. வரம் இல்லை, பயிற்சி.

கெண்ட்ரிக் இந்த வேலைக்குள்ளேயே வந்துவிட்டார். பார்வை இழந்த வீரர்களுக்கான மறுவாழ்வு முயற்சிகளுக்கு ஆலோசகராக இருந்தார். 1945-ல் கனெடிகட்டில் இருந்த மறுவாழ்வு மையத்தில் அந்த வீரர்களே சேர்ந்து ஆரம்பித்த சங்கத்துக்கும் துணை நின்றார். அதே வருஷம் 'லைட்ஸ் அவுட்' என்ற நாவலையும் எழுதினார். அதில் டிடெக்டிவ் இல்லை, கொலை இல்லை.

அது 1951-ல் 'பிரைட் விக்டரி' என்று படமானது, படப்பிடிப்பு வேலி ஃபோர்ஜ் மருத்துவமனையிலேயே நடந்தது. தென் மாநிலத்திலிருந்து வரும் ஒரு வெள்ளைக்கார இளைஞன் பார்வை இழந்து அங்கே சேர்கிறான். இன்னொரு பார்வையற்ற வீரன் அவனுக்கு உயிர் நண்பன் ஆகிறான். ஒருநாள் கறுப்பினத்தவர்கள் வார்டுக்கு வரப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, இவன் ஒரு கேவலமான வார்த்தையைச் சொல்கிறான். பக்கத்தில் இருக்கும் நண்பனே கறுப்பினத்தவன். அவன் தோலின் நிறம் இவனுக்குத் தெரிந்திருக்கவே இல்லை.

மெக்லைனை உருவாக்கிய அதே எழுத்தாளரின் கதை இது. பார்வையற்றவரை அதிசயமாகப் பார்ப்பதை நிறுத்தினால், அவரையும் தப்பு செய்யும், வெறுக்கும், வெட்கப்படும், திருந்தும் சாதாரண மனுஷனாக எழுத முடியும். என்னைக் கேட்டா, கெண்ட்ரிக் செய்ததில் பெரிய விஷயம் இதுதான்.

திரும்ப டிவிக்கு

இப்போ 'லாங்ஸ்ட்ரீட்' முதல் எபிசோடை இன்னொரு தடவை யோசிங்க. ஹீரோ அடிவாங்குகிறார். எந்த சூப்பர் பவரும் வந்து காப்பாற்றவில்லை. ஒரு குருவைத் தேடிப் போகிறார். அவர் மந்திரம் எதுவும் கொடுக்காமல் உட்காரவைத்து, நிற்கவைத்து, திருப்பித் திருப்பிப் பழக்குகிறார். பெயர், ஊர், தொழில் எல்லாம் மாறியிருக்கிறது. கேப்டன் மெக்லைன் என்ற ஆள் அங்கே இல்லை. ஆனால் அவருடைய நாய் இருக்கிறது, கற்றுக்கொண்டுதான் ஆகணும் என்ற விதியும் இருக்கிறது.

இதில் ஒரு தற்செயல்: அதே 1971-ல் பிரிட்டிஷ் டிவியில் 'தி ரைவல்ஸ் ஆஃப் ஷெர்லாக் ஹோம்ஸ்' தொடரில் மேக்ஸ் கராடோஸும் வந்தார், ராபர்ட் ஸ்டீஃபன்ஸ் நடிப்பில். சண்டை போட்ட இரண்டு கட்சியும் ஒரே வருஷத்தில் டிவிக்கு வந்துவிட்டன.

ஜெயித்தது யார்? இங்கேதான் ட்விஸ்ட். 1964-ல் மார்வெல் 'டேர்டெவில்' காமிக்ஸ் வந்தது. பகலில் வக்கீல், ராத்திரியில் சண்டைக்காரர், பார்வையற்றவர். இந்த யோசனைக்கு மெக்லைன் நாவல்கள் தூண்டுதல் என்று ஸ்டான் லீயே சொல்லியிருக்கிறார். ஆனால் மேட் மர்டாக்குக்கு என்ன ஆச்சு? கதிரியக்கப் பொருள் முகத்தில் பட்டு, நாலு புலன்களும் சூப்பர் பவர் ஆகிவிட்டன. மெக்லைனிடம் ஆரம்பித்து, கராடோஸிடம் போய் நின்றது.

ஆனாலும் ஒன்று மாறியிருக்கிறது. 2015-ல் வந்த நெட்ஃபிளிக்ஸ் தொடருக்கு சார்லி காக்ஸைத் தயார்படுத்தியவர் பார்வைத் திறனற்ற ஆலோசகரான ஜோ ஸ்ட்ரெச்சே. தடி பிடிப்பது எப்படி, எதிரில் பேசுபவர் பக்கம் தலையை எப்படித் திருப்புவது என்பதையெல்லாம் அந்த வாழ்க்கையை வாழ்பவரிடமே கேட்டார்கள். ஆனால் நடித்தது பார்வையுள்ள நடிகர்தான். 1971-லும் அப்படித்தான், 1942-லும் அப்படித்தான். 'நெற்றிக்கண்' நயன்தாரா, 'சைக்கோ' உதயநிதி என்று நம்ம ஊரிலும் அதே கதைதானே.

அதனால அடுத்த தடவை திரையில் பார்வையற்ற கேரக்டர் வந்தா இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்க. அவர் செய்வதை ஒருத்தர் கற்றுக்கொள்ள முடியுமா, இல்லை வரம் வாங்கிட்டு வந்தாரா? அந்த சீனை எழுதும்போது பார்வையற்ற யாரிடமாவது கேட்டிருப்பாங்களா? முதல் கேள்வி 1937-லேயே வந்தாச்சு. இரண்டாவது கேள்விக்கு இன்னும் பாதி பதில்தான் வந்திருக்கு.

படிக்க ஆசை வந்தா, 'மேக்ஸ் கராடோஸ்' தொகுப்பின் காப்புரிமை முடிந்துவிட்டது, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். நாணயக் கதையிலிருந்து ஆரம்பிங்க. ஆமா, மந்திரவாதிதான். ஆனா ஜாலியான மந்திரவாதி. உங்களுக்குத் தெரிந்த பார்வையற்ற நண்பர்கள் இருந்தா, இந்த எபிசோடை அவங்களோடு சேர்ந்து கேட்டுட்டு, நாங்க எங்கே சொதப்பியிருக்கோம்னு சொல்லுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.